மத்தியூவின் பியருக்கு அடர்த்தி பார்த்த கதை

1

எங்கள் வீட்டில் பிறந்தநாள்களைவிடப் பெரிய நாள் ஒன்று இருக்கிறது. நாங்கள் மொன்றியலில் வந்து இறங்கிய நாள். ஜூன் மாதத்தில் வரும். இந்த ஜூனுடன் இருபத்தாறு வருடம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு என் மனைவி வசந்தி புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்த குழம்பு வைப்பாள். நானும் அவளும் மகள் அபியும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். இரண்டு வயதுப் பிள்ளையாக என் தோளில் தூங்கிக்கொண்டு வந்த அபி, விமான நிலையத்தில் திடீரென்று விழித்துக் குடிவரவு அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைப் பறித்த கதையை நான் சொல்வேன். "அப்பா, அந்தக் கண்ணாடி வருஷா வருஷம் பெருத்துக்கொண்டு போகுது" என்று அபி சிரிப்பாள். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

இந்த வருடம் அந்த நாள் சனிக்கிழமையில் வந்தது. முதல் நாள் அபி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு எனக்கு வர ஏலாது. மத்தியூ பியர் காய்ச்சுறான். நான் உதவிக்கு நிக்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோவன்."

மத்தியூ யார் என்று சொல்லவேண்டும். கியூபெக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறான். அபியும் அவனும் இரண்டு வருடமாக அஹுன்ட்சிக்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் சேர்ந்து வாழ்கிறார்கள். கல்யாணம் கட்டவில்லை. இந்த ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கு அது விஷயமாக இருந்தது. ரொறன்ரோவில் உள்ள வசந்தியின் ஆட்களுக்கும் கோயிலில் கேட்பவர்களுக்கும், "பிள்ளை வேலைக்குக் கிட்டவா ஒரு சிநேகிதியோடை அறை எடுத்து இருக்குது" என்று சொல்லி வைத்திருந்தோம். அபி வேலை செய்வது மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அஹுன்ட்சிக்கில் இருந்து அங்கே போய்வர அரை நாள் பிடிக்கும். வரைபடத்தை எடுத்துப் பார்த்த யாருக்கும் எங்கள் பொய் இரண்டு நிமிடம் தாங்காது. ஆனால் யாரும் வரைபடம் பார்க்கவில்லை.

மத்தியூ எங்கள் வீட்டுக்கு நாலைந்து தரம் வந்திருக்கிறான். நாங்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போனதில்லை.

அபி கூப்பிட்டதை வசந்தியிடம் சொன்னேன். அவள் அடுத்த நாள் புட்டுக்கு அரிசிமா வறுத்துக்கொண்டிருந்தாள்.

"தாலி ஏறாத வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன். அதிலையும் பியர் காய்ச்சுற வீடு." மாவை இன்னும் இரண்டு தரம் கிளறினாள். பிறகு, "புட்டைக் கட்டித்தாறன். குடுத்திட்டு வாங்கோ" என்றாள்.

2

சனிக்கிழமை சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டில் இருந்து பஸ்சில் போனேன். மடியில் புட்டுப் பெட்டி சுட்டது. அவர்களுடைய வீட்டின் வெளிப்படிக்கட்டில் ஏறும்போதே ஒரு வாசம் வந்தது. சாராய வாசமாக இருக்கும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனவன் நான். அது பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் மால்ட் மாவின் வாசம்.

கதவைத் திறந்தவன் மத்தியூ. ஆறடி உயரம், தாடி, பூப்போட்ட சமையல் ஏப்ரன்.

"வணக்கம் மாமா. வா. இரு" என்றான்.

என் வாழ்நாளில் மருமகன் முறையான ஒருவன் என்னை "வா, இரு" என்றது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற அபி ஒன்றும் நடக்காதது போல நின்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாங்கள் அவளோடு கதைத்த தமிழ். "வா, இரு, சாப்பிடு" என்று பிள்ளைக்குச் சொன்னதைத்தான் அவள் அவனுக்குப் படிப்பித்திருக்கிறாள். 'இருங்கோ' என்பது அவளுக்குப் பெரியவர்களோடு வாயில் தானாக வரும், சொல்லிக்கொடுக்க வராது.

குசினியில் பெரிய அண்டா ஒன்று அடுப்பில் கிடந்தது. மால்ட் சாறும் அதற்குள் போட்ட ஏதோ பச்சைப் பூவும் கொதித்து முடிந்திருந்தன. மத்தியூ ஒரு கரண்டியால் ஆவி பறக்கும் சாற்றை அள்ளி உயரமான பிளாஸ்ரிக் குழாய் ஒன்றுக்குள் ஊற்றினான். பிறகு ஒரு கடதாசிக் கூட்டுக்குள் இருந்து கண்ணாடிச் சாமான் ஒன்றை எடுத்தான்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் ஈயக்குண்டு வைத்த குமிழ், மேலே ஒல்லியான தண்டு, தண்டுக்குள் சுருட்டிய தாளில் சின்னச் சின்னக் கோடுகள். நீரமானி. இருபத்தாறு வருடமாக நான் அதைக் கண்டதில்லை. அவன் அதைக் குழாய்க்குள் விட்டான். நின்றபடியே மேலே இருந்து குனிந்து பார்த்தான். "ஆயிரத்து முப்பத்துநாலு" என்று பிரெஞ்சில் சொல்லி ஒரு கொப்பியில் எழுதினான்.

அது என்ன கணக்கென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் தண்ணீர் என்றால் இந்த மானி ஆயிரம் காட்டும். தண்ணீரில் இனிப்புக் கரைந்திருந்தால் அடர்த்தி கூடி, மானி மிதந்து மேலே எழும்பும், எண்ணும் கூடும். ஈஸ்ட் போடுவதற்கு முன் பார்க்கும் எண்ணைத் தொடக்க அடர்த்தி என்கிறார்கள். பிறகு ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்று மதுவாக்கும், எண் இறங்கும். எவ்வளவு இறங்கியதோ அதிலிருந்துதான் பியரில் எத்தனை வீதம் மது என்று கணக்குப் பார்ப்பார்கள். தொடக்க எண் பிழைத்தால் கடைசிக் கணக்கும் பிழை. ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டால் திரும்பிப் போய் அளக்கவும் முடியாது.

அவன் சாற்றைச் சூட்டோடு அளந்துவிட்டான்.

நான் புட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டியவன். அவனுடைய வீடு, அவனுடைய பியர். ஆனால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

3

யாழ்ப்பாணத்தில் எனக்கு இருபத்திரண்டு வயதில் கூட்டுறவுப் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. விடியக்காலையில் வரிசையில் நிற்பவர்களின் பாலில் கொஞ்சம் எடுத்துப் பால்மானியை விட்டுப் பார்ப்பது. மானி இருபத்தெட்டுக்குக் கீழே காட்டினால் தண்ணீர் கலந்த பால்; திருப்பி அனுப்பவேண்டும். எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன்.

ஒரு நாள் ஓர் அக்காவின் பால் இருபத்தாறு காட்டியது. நாற்பது வயதிருக்கும், ஒரு பசு வைத்திருந்தவர், ஒரு நாளும் குறை சொல்ல இடம் வைக்காதவர். நான் வரிசைக்கு முன்னால் சத்தமாக, "தண்ணி கலந்திருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வரிசை முடிந்து மேசையைத் துடைக்கும்போது அவருடைய பால் குழாயில் அப்படியே இருந்தது. மானியை இன்னொரு தரம் அதற்குள் விட்டேன். இருபத்தொன்பது காட்டியது. எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அன்றைக்கு அவர் கறந்த கையோடு வந்திருக்கிறார். பால் உடம்புச் சூட்டில் இருந்திருக்கிறது. சூடான எதுவும் விரிந்து இலேசாகும்; மானி தாழ்ந்து குறைவாகக் காட்டும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

சைக்கிளில் அவருடைய வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"பிழை எண்டு எனக்குச் சொல்லி என்ன தம்பி? அது எனக்கு முந்தியே தெரியும். கேட்டுக்கொண்டு நிண்டவைக்குச் சொல்லும்."

அடுத்த நாள் காலை வரிசைக்கு முன்னால் நின்று சொன்னேன். என் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாலையும் தொட்டுப் பார்க்காமல் நான் அளந்ததில்லை.

இந்த அறிவு எனக்குக் கனடாவில் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. அகதி விசாரணையில் என் தொழில் என்னவென்று கேட்டபோது "பால் பரிசோதகர்" என்றேன். மொழிபெயர்த்தவர் அவசரத்தில் "லெத்தியே" என்றார். அதற்கு அர்த்தம் பால்காரன். சொந்தமாக வண்டி வைத்திருந்தீரா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பில் அது "உம்முடைய சொந்தச் சாமானோ?" என்று வந்தது. பால்மானியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லை, சங்கம் தந்தது" என்றேன். ஆக, சங்கத்து வண்டியில் பால் விற்றவன் என்று என் கோப்பில் ஏறியது. அதைத் திருத்தப் படிவம் கேட்டேன். அந்தப் படிவத்தைப் பெற இன்னொரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். வேலை தேடித்தரும் அலுவலகத்தில் இருந்த பெண் என் கோப்பைப் படித்துவிட்டு மிகவும் வருத்தத்தோடு, "ஐயா, இங்கே இப்போது வீடு வீடாகப் பால் போடுவதில்லை" என்றாள்.

பிறகு சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பொதி கட்டும் பிரிவில் சேர்ந்தேன். ஓடும் பட்டியில் வரும் பெட்டிகளில் லேபல் கோணலாக ஒட்டியிருந்தால் எடுத்துவிடுவது என் வேலை. நல்ல வேலை. ஆட்களும் நல்லவர்கள். ஆனால் உனக்கு என்ன தெரியும் என்று இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

4

"துறோ ஷோ" என்றேன் மத்தியூவிடம். மிகச் சூடு. என் தொழிற்சாலைப் பிரெஞ்சில் அது நன்றாக வரும்.

அவன் சிரித்து, "பரவாயில்லை, கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்" என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு மருந்து கூடினாலும் குறைந்தாலும் விடாத பிள்ளை. பியர் என்றதும் அவனுக்குக் கிட்டத்தட்ட.

நான் மானியின் தாளில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைச் சுண்டுவிரலால் காட்டினேன். இருபது பாகை. அந்தச் சூட்டில்தான் அது உண்மை சொல்லும். பிறகு அபியிடம் ஒரு சட்டியில் ஐஸ்கட்டி கேட்டேன். குழாயை அதற்குள் நிறுத்தினேன். மூன்று பேரும் நின்று பார்த்தோம். பத்து நிமிடத்தில் மானி மெல்ல மெல்ல எழும்பத் தொடங்கியது. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. மத்தியூ குனிந்தான். பிறகு முழங்காலில் இருந்தான். மானியில் ஒட்டியிருந்த சின்னக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடிக்கும் என்பதால் நான் தண்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி விட்டேன். வெப்பமானி இருபதைத் தொட்டபோது கண்ணைத் தண்டின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து, "நாற்பத்தெட்டு" என்றேன்.

அவன் கொப்பியை எடுத்து முந்திய பக்கங்களைப் புரட்டினான். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. அபியிடம் வேகமாக ஏதோ சொன்னான்.

"என்னவாம்?"

"போன மாசம் அவன்ரை அம்மான்ரை பிறந்தநாளுக்குக் காய்ச்சிக் குடுத்தவன், அப்பா. மூண்டு வீதம் எண்டு லேபல் ஒட்டினவன். லேசான பியர், எல்லாரும் குடிக்கலாம் எண்டு. அதையும் இப்பிடிச் சூட்டிலைதான் அளந்தவன்."

மூன்று வீதம் என்று ஒட்டியதில் ஐந்துக்கு மேல் இருந்திருக்கிறது. அவனுடைய சித்தி ஒருவர், வாழ்க்கையில் ஒரு கிளாசுக்கு மேல் தொடாதவர், அன்றைக்குத் தோட்டத்து மேசையில் ஏறி நின்று பாட்டுப் பாடினாராம். வயது போனதில் சித்திக்குக் குறும்பு கூடிவிட்டது என்று குடும்பமே பேசிக்கொண்டதாம்.

மத்தியூ சிரிக்கவில்லை. அப்போதே தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். அன்றைக்கு யாராவது கார் ஓட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்டான். எல்லோரும் அங்கேயே தங்கியவர்கள் என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. பிறகு சித்திக்கும் எடுத்து, "பிழை உங்களில் இல்லை, என் அளவில்" என்று சொன்னான். மற்றப் பக்கத்தில் சித்தி சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

அவன் தொலைபேசியை வைக்கும்வரை நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடமாக என் மகளோடு வாழ்கிறவனை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று பேரும் புட்டுச் சாப்பிட்டோம். பழைய போத்தல் ஒன்றைத் திறந்து எனக்கு இரண்டு கரண்டி தந்தான். ஐம்பத்தொன்பது வயதில் முதல் பியர். கசாயம். புட்டு மேல்.

வெளியே வரும்போது அவனுக்கு ஒரு பாடம் சொன்னேன். "மாமாவுக்கு 'இருங்கோ.' 'வாங்கோ.'" அவன் கையில் எழுதிக்கொண்டான்.

5

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை நான் அஹுன்ட்சிக்குக்குப் போகத் தொடங்கினேன். வசந்தியிடம் நூலகத்துக்கு என்று சொன்னேன். பிரெஞ்சுப் புத்தகம் படிக்கப் போகிறேன் என்றதும் அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

என் மனைவிக்குக் குடி என்பது வேடிக்கையான விஷயம் இல்லை. அவளுடைய மூத்த அண்ணன் குடித்தே போனவர். பதினேழு வயதில் அவரைத் தேடித் தெருத்தெருவாகப் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். எங்கள் வாசலைத் தாண்டி ஒரு போத்தலும் வந்ததில்லை. அதனால்தான் நான் மறைத்தேன். கேட்டால் மன்னிக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியூ இதற்குள் ஆளே மாறிவிட்டான். கிட்டத்தட்ட என்ற சொல்லே அவன் வாயில் இல்லை. சாற்றை நன்றாகக் கலக்கி, ஆறவைத்து, குமிழி தட்டி, இருபது பாகையில் அளந்தான். எங்கேயோ தேடிப் படித்து, என்னோடு சண்டைக்கும் வந்தான்.

குழாயில் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் தண்டைச் சுற்றி அது கொஞ்சம் மேலே ஏறி ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வளைவின் மேல் விளிம்பில் எண்ணைப் பார்ப்பதா, அடியில் பார்ப்பதா? நான் மேலே பார்த்தேன். அப்படித்தான் எனக்குப் பழக்கம். அவன் அடியில் என்றான். இரண்டுக்கும் இரண்டு எண் வித்தியாசம்.

"அன்றைக்கு நாற்பத்தெட்டு இல்லை மாமா. ஐம்பது."

"நான் ஆயிரக்கணக்கான பேருக்கு அளந்தவன்" என்றேன், பிரெஞ்சில், இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் கலந்து.

மானியிலேயே பிழை இருக்கலாம் என்று நினைத்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஆயிரம் காட்டுகிறதா என்று பார்க்கலாம் என்பது திட்டம். ஒரு வியாழன் பின்னேரம் வசந்தி குளிக்கும்போது குசினியில் உயரமான கிளாஸில் தண்ணீரை ஊற்றி, மானியை இறக்கினேன். கண்ணாடியைத் தேடி மூக்கில் போட்டு நிமிர்ந்தால், வசந்தி ஈரத்தலையோடு வாசலில் நின்றாள்.

"இதென்ன, காய்ச்சல் பாக்கிறதோ?"

எனக்குப் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதிரையில் இருந்துகொண்டாள்.

"குடிச்சனீங்களோ?"

"இல்லை."

"என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"ரெண்டு கரண்டி. முதல் நாள். பிடிக்கேல்லை."

"குடிச்சது கூடப் பெரிசில்லை. நூலகம் எண்டு சொன்னீங்களே. ஒவ்வொரு முறையும் பிளாஸ்கிலை தேத்தண்ணி ஊத்தித் தந்தனே."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "நாங்கள் ரெண்டு வருஷமா எல்லாருக்கும் சொல்லுறது என்ன, வசந்தி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து போய்த் தலையைத் துவட்டினாள். வெள்ளி முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

6

சனிக்கிழமை காலையில் நான் போகாமல் இருந்தேன். வசந்தி பிளாஸ்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும். போங்கோ."

போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து அழைப்புமணி அடித்தது. அபி கதவைத் திறந்து, "அம்மா!" என்று கத்தியது குசினிக்குக் கேட்டது. மத்தியூ கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

"வாங்கோ மாமி. இருங்கோ மாமி" என்றான். பிசகாமல்.

வசந்தி இருக்கவில்லை. சேலையும் அதற்கு மேல் மழைக்கோட்டுமாக நேரே குசினிக்கு வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். அடுக்கியிருந்த போத்தல்களை எண்ணினாள். பிறகு அபியைப் பார்த்து, "இவன் எவ்வளவு குடிக்கிறவன்? கேட்டுச் சொல்லு. பொய் வேண்டாம்" என்றாள்.

அபி தயங்கினாள். நான் தலையாட்டினேன். அவள் கேட்டாள்.

மத்தியூ யோசித்துச் சொன்னான். சனிக்கிழமை இரண்டு. வேலை நாட்களில் இல்லை. பெரும்பாலும் கொடுத்துவிடுவான், காய்ச்சுவதுதான் அவனுக்கு விருப்பம். பிறகு அவனாகவே ஒன்று சேர்த்தான். அவனுடைய தாத்தாவும் குடித்துச் செத்தவர். அதனால்தான் ஒவ்வொரு போத்தலிலும் எவ்வளவு இருக்கிறது என்று லேபல் ஒட்டுகிறான். அந்த லேபலே பிழையாக இருந்ததென்று தெரிந்த நாளில் அவனுக்கு நித்திரை வரவில்லை.

அபி கடைசி வசனத்தைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் திக்கினாள். வசந்தி மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"இப்ப என்ன பிரச்சினை? வாசல்லை நிக்கவே உங்கடை சத்தம் கேட்டது."

குழாயில் சாறு இருபது பாகையில் இருந்தது. நான் ஐம்பது என்றேன். மத்தியூ ஐம்பத்திரண்டு என்றான். மேல் விளிம்பு, அடி விளிம்பு என்று இரண்டு மொழியில் இருவரும் விளங்கப்படுத்தினோம். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"விடை தெரிஞ்ச தண்ணி ஒண்டு இல்லையோ? அதை ஊத்திப் பாருங்கோவன்."

அபி தொலைபேசியில் தேடினாள். தொளாயிரம் கிராம் தண்ணீரில் நூறு கிராம் சீனி கரைத்தால் சரியாக ஆயிரத்து நாற்பது காட்டவேண்டும். வசந்திக்கு அது போதும். தராசை வாங்கி, கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கி, சீனியைக் கரண்டி நுனியால் தட்டித் தட்டி நூறுக்குக் கொண்டுவந்தாள். நூற்றொன்று என்று காட்டியபோது ஒரு சிட்டிகையைத் திரும்ப எடுத்தாள். தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு துகள் மிச்சம் இல்லாமல் கரைத்தாள். மத்தியூ கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதை உயரமான கிளாஸ் ஒன்றில் ஊற்றி மானியை விட்டோம். வசந்தியே கண்ணாடியைப் போட்டுக் குனிந்தாள்.

"மேலை பாத்தால் முப்பத்தெட்டு. அடியிலை பாத்தால் நாற்பது."

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் வெள்ளை. அதற்குள் வளைவின் அடி தெரியாது. அதனால் பால்மானியை மட்டும் மேல் விளிம்பில் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். தெளிந்த சாற்றுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் எல்லாவற்றையும் பால் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மத்தியூ சொன்னது சரி. நான் சொன்னது பிழை" என்றேன், முதலில் தமிழில், பிறகு பிரெஞ்சில். பிரெஞ்சில் சொன்னபோது இலக்கணம்கூடச் சரியாக வந்தது என்று அபி பிறகு சொன்னாள்.

மத்தியூ ஐம்பத்திரண்டு என்று எழுதினான். குழாயில் இருந்த சாற்றை நான் தொட்டியில் ஊற்றப் போனேன். வசந்தி, "பொறுங்கோ" என்றாள்.

"இதிலை இன்னும் அந்த ஈஸ்ட் போடேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப இதிலை வெறி இல்லை."

"இல்லை மாமி. வெறும் மால்ட்" என்றான் மத்தியூ. 'வெறும்' என்ற சொல்லை அவன் எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை.

அவள் கப் ஒன்றை எடுத்து அதில் ஊற்றி ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"இனிப்பா வந்து பேந்து கசக்குது. பாவக்காய்க்குச் சக்கரை போட்டமாதிரி." கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "மத்தியானத்துக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்று அபியிடம் கேட்டாள்.

அபி ஒன்றும் சமைத்திருக்கவில்லை. அம்மாவும் மகளும் குளிர்பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நானும் மத்தியூவும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பலகணிக்குப் போனோம். மழை விட்டிருந்தது. அவன் மெதுவாக, அடுத்த மாதம் தன் தாய் எங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், வருவீர்களா என்று கேட்டான். மாமியைக் கேள் என்றேன். நீங்களே கேளுங்கோ என்றான். அவனுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது நல்லதுதான்.

7

பின்னேரம் பஸ்சில் வீடு திரும்பினோம். யன்னல் பக்கம் வசந்தி. மடியில் அபி கட்டித் தந்த ஆப்பிள் கேக். பஸ் பாதி தூரம் போகமுன் அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் இருந்து அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை. பஸ்சின் இரைச்சலில் வசந்தி ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்துப் பேச்சும் எனக்குக் கேட்டது.

"அக்கா, எங்கை நிக்கிறீங்கள்? வீட்டுக்கு எத்தினை தரம் அடிச்சனான்."

வசந்தி ஒரு கணம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். கோயில், கடை, டொக்டர்.

"அபி வீட்டிலையிருந்து வாறம்" என்றாள்.

"அந்தச் சிநேகிதப் பிள்ளையோடை இருக்கிற அறையோ?"

"சிநேகிதப் பிள்ளையுமில்லை, அறையுமில்லை. அவளும் அவளின்ரை பெடியனும் இருக்கிற வீடு. ரெண்டு வருஷமா இருக்கினம். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

 எனக்கு முன்னால் இருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ முக்கியம் என்று அவருக்கும் பட்டிருக்கவேண்டும்.

"கலியாணம் எப்ப அக்கா?"

"அது அவை சொல்லுவினம். சொன்னால் உனக்குச் சொல்லுறன்."

"பெடியன் என்ன செய்யிறார்?"

"ஆஸ்பத்திரியிலை தாதி. நல்ல பெடியன். சனிக்கிழமையிலை பியர் காய்ச்சுவான்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"பியரோ! அத்தானும் அங்கை போறவரோ?"

"ஓமோம்" என்றாள் வசந்தி, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "அத்தான்தான் அங்கை அளக்கிறவர். ரெண்டு குறைச்சுக் காட்டிக்கொண்டிருந்தார். இண்டைக்குத்தான் நான் போய்த் திருத்திப்போட்டு வாறன்."